சீட்டில் பிரிந்த இருவர்

என் அண்ணன் ஆம்பூரில் தோல் பதனிடும் ஆலை ஒன்றில், ஊர்ப் பேச்சில் தோல் ஷாப்பில், சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தார். பச்சைத் தோலை முடி கழல்வதற்காகச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப் போட்டு, புரட்டி, இழுத்து மேலே போடுகிற வேலை. அந்த வேலைக்குப் போனவர்களின் கைகளைத் தெருவில் பார்த்தாலே தெரிந்துவிடும். விரல் இடுக்கெல்லாம் வெந்து, நகக்கண்ணில் ஓட்டை விழுந்திருக்கும். அண்ணன் சோற்றில் ரசம் ஊற்றும்போது பல்லைக் கடித்துக்கொள்வார். காரம் பட்டால் உயிர் போகும்.

குழியில் அவருக்கு எதிரே நின்று தோலின் மறு முனையைப் பிடித்தவர் ஒரு சாயபு. இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். என் அண்ணனை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எப்போதும் 'தோஸ்த்'தான். கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் சாப்பிடுவார். ரம்ஜானுக்கு அண்ணன் அங்கே.

நான் அப்போது நர்ஸ் படிப்பு முடித்து, ஊரில் சின்னதாக மருத்துவமனை வைத்திருந்த ஒரு டாக்டரம்மாவிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. டாக்டரம்மா தெற்கத்திக்காரர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். சுண்ணாம்புப் புண்ணோடு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்துத் தாமே ஒரு களிம்பு தயாரித்தார். தோல் ஷாப்பு மேனேஜரிடம் பேசி, ஒரு வருடம் அதைக் கொடுத்துப் பார்க்க அனுமதியும் வாங்கினார்.

அந்த முதல் வருடம் யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானித்தவர் மேனேஜர். ஷாப்பில் இரண்டு யார்டுகள். பாலாற்றை ஒட்டிய கீழ் யார்டுக்குக் களிம்பு. அண்ணன் இருந்த மேல் யார்டுக்கு ஒன்றுமில்லை. வருடக் கடைசியில் கீழ் யார்டு ஆட்களின் கைகள் நன்றாகவே தேறியிருந்தன. மேனேஜர் முதலாளியைக் கூட்டிவந்து காட்டி, தானே வைத்தியம் பார்த்தவர் போலப் பேசினார்.

எனக்கும் சந்தோஷம். டாக்டரம்மா மட்டும் முகத்தைச் சுளித்தார்.

"கீழ் யார்டுல வாய்க்கால் பக்கத்துலயே ஓடுது. அவங்க நினைச்சப்போ கை கழுவுறாங்க. மேல இருக்கிறவங்களுக்குக் குடிக்கவே தண்ணி கிடையாது. அதுமட்டுமா? கீழ் யார்டுல புண்ணு முத்தினவங்களை மேனேஜர் நடுவுல வேற வேலைக்கு மாத்திட்டார். அப்புறம் கை நல்லாயிருச்சுன்னா எதால நல்லாச்சுன்னு நான் சொல்லுறது? களிம்பாலயா, தண்ணியாலயா?"

"நல்லாச்சே டாக்டரம்மா, அது போதாதா?" என்று கேட்டேன்.

"போதாது. களிம்புதான் காரணம்னு நம்பிட்டா மேல் யார்டுக்கு டப்பாவைக் குடுத்துட்டுக் கைகழுவிடுவாங்க. தண்ணிதான் காரணமா இருந்தா?"

அதனால் அடுத்த வருடம் மேல் யார்டுக்குள்ளேயே சீட்டுப் போடுவது என்று முடிவு செய்தார். எல்லாருக்கும் ஒரே வேலை, ஒரே தண்ணீர்ப் பஞ்சம். அதில் பாதிப் பேருக்குக் களிம்பு. யாருக்கு வயது அதிகம், யார் வீட்டில் எண்ணெய் தடவுகிறார்கள், யாருக்குத் தோல் தடிப்பு என்பதெல்லாம் நமக்கு முழுதாகத் தெரியாது. தெரியாத வித்தியாசங்களையும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பிரித்துவிட சீட்டால்தான் முடியும் என்றார். கேட்கச் சரியாகத்தான் இருந்தது.

யார்டில் எல்லாரையும் உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னார். இஷ்டமில்லாதவர்கள் எழுந்து போகலாம் என்றார். யாரும் எழவில்லை. ஒரு பிஸ்கட் டின்னில் பெயர்களைப் போட்டு, களிம்புக்குப் பாதிப் பேரை என்னை எடுக்கச் சொன்னார். சாயபுவின் பெயர் வந்தது. அண்ணனுடைய பெயர் கடைசிவரை வரவில்லை.

வீட்டில் அண்ணன் என்னைச் சும்மா விடவில்லை. "இன்னா பாப்பா, கூடப் பொறந்தவன் பேரு உன் கைக்கு ஆப்டலயா?" என்று சிரித்தார். சிரிப்பில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது. மறுநாள் அதை டாக்டரம்மாவிடம் சொன்னபோது, "இது நல்ல மருந்துன்னு எனக்கே இன்னும் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா சீட்டு எதுக்கு? எல்லாருக்கும் குடுத்திருப்பேனே" என்றார்.

சில மாதங்கள் போயின. ஒரு நாள் டாக்டரம்மா யார்டிலேயே எல்லாருடைய கைகளையும் பார்த்துக்கொண்டு வந்தார். நான் பக்கத்தில் நின்றேன். மேனேஜரும் வந்திருந்தார். அண்ணனின் முறை வந்தது. டாக்டரம்மா அவர் விரல்களைத் திருப்பிப் பார்த்து, மூக்கருகே கொண்டுபோனார். களிம்பின் வேப்பெண்ணெய் வாசனை.

"இது எப்படி வந்துச்சு?"

அண்ணனுக்குப் பொய் வராது. "தோஸ்த் குடுத்தாம்மா. அவன் தடவிக்கினு மிச்சத்த எனக்குத் தடவுவான். நான் வாணான்னுதான் சொன்னேன். 'எதிர எதிர நின்னுக்கினு நான் மட்டும் எப்டி பூசிக்கிறது'ன்னு சொல்லிட்டான்."

டாக்டரம்மா கோபப்படவில்லை. வேறு யாரெல்லாம் இப்படி என்று கேட்டார். ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்தார்கள். அந்த யார்டில் டப்பா வாங்கியவர்களில் பலரும் எதிரே நிற்பவருக்குக் கொடுத்திருந்தார்கள்.

ஆனால் மேனேஜரின் காதில் விழுந்தது சாயபுவின் பெயர் மட்டுமே. "கம்பெனி பணத்துல செஞ்ச மருந்து. ஊருக்குத் தானம் பண்ண நீ யாருய்யா? நாளைலேருந்து வராத" என்றார். பழைய மனத்தாங்கல் ஒன்று இருந்ததாம். கூலி விஷயமாகச் சாயபு எதிர்த்துப் பேசியிருக்கிறார். டாக்டரம்மா எவ்வளவோ மன்றாடினார். "அவர் திருடலைங்க. பங்கு போட்டுக்கிட்டார். தப்பு என்னுது. ஒரே குழில நிக்கிற ரெண்டு பேரைப் பிரிச்சுச் சீட்டுப் போட்டேனே! ஆளுக்கு ஆள் இல்ல, குழிக்குக் குழி போட்டிருக்கணும்." மேனேஜர் அசையவில்லை.

சாயபு கையைத் துடைத்துக்கொண்டு, "பரவால்ல தோஸ்த், நீ பேஜாராவாத" என்று சொல்லிவிட்டு நடந்தார். அந்த மாதமே குடும்பத்தோடு அரக்கோணத்தில் மச்சான் வீட்டுக்குப் போய்விட்டார்.

வருட முடிவில் பார்த்தபோது சீட்டு விழுந்தவர்களின் கையும் விழாதவர்களின் கையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருந்தன. களிம்பால் பயனில்லையா, அல்லது எல்லாருமே பூசிக்கொண்டதால் வித்தியாசம் தெரியாமல் போனதா? டாக்டரம்மாவால் சொல்ல முடியவில்லை. மேல் யார்டில் சில குழிகளுக்கு மட்டும் தண்ணீர்க் குழாய் போட்டு, எந்தக் குழிகள் என்பதைச் சீட்டில் எடுத்து, ஒரு வருடம் பார்க்கலாம் என்று மேனேஜரிடம் போனார்.

"மருந்து வேலை செய்யலேன்னு நீங்களே சொல்லிட்டீங்க. இன்னும் எதுக்கும்மா சோதனை? போதும்" என்று அவர் முடித்துக்கொண்டார். அடுத்த கோடையில் டாக்டரம்மாவின் தாயார் படுத்த படுக்கையானார். மருத்துவமனையை மூடிவிட்டு ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. கிளம்புகிற அன்று ஸ்டேஷனில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "முதல்லயே தண்ணியைப் பாத்திருக்கணும். நான் தயாரிச்ச மருந்துங்கிறதால அதையே பிடிச்சுக்கிட்டிருந்துட்டேன்" என்றார். நான் வேலூரில் வேறு வேலை தேடிக்கொண்டேன்.

பல வருடங்கள் கழித்து மேல் யார்டுக்குக் குழாய் வந்தது. அதே சமயத்தில் ரப்பர் கையுறையும் வந்தது. தோலைப் புரட்ட மரப் பீப்பாய் மெஷினும் வந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கை வேகவில்லை. குழாயா, கையுறையா, மெஷினா என்று யாரும் கேட்கவில்லை. கேட்கக்கூடியவர் ஊரில் இல்லை. அதற்குள் அண்ணனின் விரல்கள் மடங்கிப்போய், அவர் கரண்டியால் சாப்பிடத் தொடங்கியிருந்தார்.

ஒருமுறை அரக்கோணத்தில் வண்டி மாறக் காத்திருந்தபோது, ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு டீக்கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்த சாயபுவைப் பார்த்தேன். தாடி நரைத்திருந்தது. என்னை உடனே கண்டுகொண்டார்.

"தோஸ்த் எப்டி கீறான்மா?"

"நல்லாக்கீறாருண்ணா. நீங்க கோவமாயிருப்பீங்கன்னு வரவே பயப்படுறாரு. தான் சொன்னதாலதான் உங்க வேலை போச்சுன்னு இன்னும் சொல்லிக்கினே இருப்பாரு."

"கோவமா? அரே, எனக்கா? டாக்டரம்மா கேட்டாங்க, அவன் உண்மைய சொன்னான். நானாயிருந்தாலும் அதான் சொல்லியிருப்பேன். ஒருவாட்டி வரச் சொல்லும்மா." டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஆம்பூருக்குப் போனபோது அண்ணனிடம் அப்படியே சொன்னேன். குழந்தையைப் போலத் திரும்பத் திரும்பக் கேட்டார். "மெய்யாலுமே அப்டி சொன்னானா?" பொங்கல் முடிந்து போகிறேன் என்றார். பிறகு பேத்திக்கு அம்மை போட்டது. பிறகு வெயில் தணியட்டும் என்றார். மழைக்காலத்தில், சாயபு முன்பு குடியிருந்த பள்ளிவாசல் தெருவிலிருந்து ஒருவர் வந்து, அவர் மாரடைப்பில் போய்விட்டதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணன் அன்றே வண்டியேறினார். போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. சேதி கேட்டு நானும் ஆம்பூருக்கு வந்திருந்தேன். திரும்பி வந்தவரிடம், சாயபு வீட்டில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. சாப்ட்டு போன்னாங்க. சாப்ட்டு வந்தேன்" என்றார். சட்டைப் பொத்தானைக் கழற்ற அவருக்கு வரவில்லை. நான்தான் கழற்றிவிட்டேன்.