தெட்சிணாமூர்த்தியின் அபிப்பிராயங்கள்

தெட்சிணாமூர்த்தி சுரக்குடிக்காரர். அப்பாவும் அண்ணனும் வயலைப் பார்த்துக்கொண்டார்கள். இவர் பள்ளிப் படிப்பை முடித்துக் காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க்காகச் சேர்ந்து, தருமபுரத்தில் வாடகைக்கு வீடு பிடித்தார். பார்ப்பதற்குச் சாதாரணமான ஆள். பாட்டு வராது, மேடைப் பேச்சு வராது. பூப்பந்து ஆடுவார், ஆனால் அலுவலக அணியில் யாராவது வராத நாளில்தான் இவரைக் கூப்பிடுவார்கள். அவரிடம் இருந்ததெல்லாம் அபிப்பிராயம்.

மூன்று விஷயங்களில் அவர் சொன்னால் ஊரில் கேட்டுக்கொள்வார்கள். முதலாவது துப்பறியும் நாவல். குற்றவாளி முப்பது பக்கத்துக்குள் கதைக்குள் வந்துவிட வேண்டும், கடைசி அத்தியாயத்தில் இரட்டைப் பிறவியைக் கொண்டுவருகிற எழுத்தாளரை மறுபடி தொடக்கூடாது என்பார். இரண்டாவது பூப்பந்து மட்டை. கடற்காற்றில் நரம்பு தளர்ந்துபோகும், ஆடி முடித்ததும் மரச்சட்டத்தில் வைத்து நாலு திருகாணியையும் முடுக்க வேண்டும், கைப்பிடி கொஞ்சம் மெலிந்திருந்தாலும் தலை கனக்கக்கூடாது என்பார். மூன்றாவது மழைக்கோட்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அரசலாற்று முகத்துவாரத்தில் தூண்டில் போடுகிற பழக்கம் அவருக்கு உண்டு. ஐப்பசி, கார்த்திகையிலும் விடமாட்டார். கோட்டு என்றால் கம்பெனிக் கோட்டுதான், வீட்டில் தைப்பதெல்லாம் ஊசி போன இடமெல்லாம் ஒழுகும் என்பது அவர் தீர்ப்பு.

இந்த மூன்றுமே சேக் அலாவுதீன் கடையில் கிடைத்தன. முன்பக்கம் குடை, ரப்பர் செருப்பு, மழைக்கோட்டு. கூரையிலிருந்து தொங்கும் மட்டைகள். பின்சுவர் அலமாரியில் வாடகை நாவல்கள். வாங்க வருகிறவர்கள் யோசித்து நின்றால், சாயங்காலம் மூர்த்தி சார் வருவார், கேட்டுக்கொண்டு வாங்குங்கள் என்று அலாவுதீனே சொல்லி அனுப்புவார். அப்படிச் சொல்லப்பட்ட நாட்களில் தெட்சிணாமூர்த்தி வீட்டுக்குச் சைக்கிளை மெதுவாக மிதித்துப் போவார்.

எழுபத்து நாலு தை மாதம் அவருக்குக் கல்யாணம் நடந்தது. பெண் கமலாம்பாள், திருநள்ளாறு பக்கத்துக் கிராமம். பத்தாவதில் கணக்கில் தவறிப்போய் வீட்டோடு இருந்தவள். தையல் தெரியும். அவர் வாடகைக்குக் கொண்டுவரும் நாவல்களை, அவர் அலுவலகம் போன பிறகு மத்தியானத்தில் படிப்பாள். படித்தேன் என்று சொல்லிக்கொள்ளமாட்டாள்.

ஒரு ஞாயிறு காலை இட்லி சாப்பிட்டுக்கொண்டே, பாதி படித்திருந்த நாவலைப் பற்றி அவர் பேசினார். பங்களாக்காரரை நடுப்பகலில் விஷம் வைத்துக் கொன்றிருக்கிறார்கள். டாக்டர்தான் செய்திருக்கிறான், சந்தேகமே இல்லை என்றார்.

அதே பாதி வரை படித்திருந்த கமலாம்பாள் சட்னியை ஊற்றிவிட்டுச் சொன்னாள். "டாக்டர் இல்லீங்க. அந்த மச்சினிச்சி."

"எப்படிச் சொல்ற?"

"வெள்ளிக்கெழம எண்ண தேச்சுக் குளிச்சிட்டு, மத்தியானம் அசந்து தூங்கிட்டேன்னு போலீசுகிட்ட சொல்றால்ல? தலைக்கு எண்ண தேச்சுக் குளிச்ச அன்னிக்குப் பகல்ல எந்தப் பொம்பள படுப்பா? வீட்டுல உள்ளவங்க படுக்கத்தான் விடுவாங்களா?"

அவர் அன்று தூண்டிலுக்குப் போகாமல் மீதி நாவலைப் படித்து முடித்தார். மச்சினிச்சிதான். அந்த எண்ணெய்க் குளியலைத்தான் துப்பறிபவரும் கடைசியில் எடுத்துச் சொன்னார். தெட்சிணாமூர்த்திக்கு ஆச்சரியம் வந்தது, கொஞ்சம் பெருமைகூட வந்தது. ஆனால் அவற்றுக்கு அடியில் வேறொன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது. பத்து வருஷமாக நாவல் படிக்கிறவர் அவர். அவள் படிக்க ஆரம்பித்து நாலு மாதம்.

மறுநாள் அலுவலகத்தில், எண்ணெய்க் குளியல் விஷயத்தைத் தானே கண்டுபிடித்ததாகச் சொன்னார். எல்லாரும் ரசித்தார்கள். அது வசதியாக இருந்ததால் அப்படியே தொடர்ந்தது. வீட்டில் அவளிடம் கேட்டுக்கொள்வார், வெளியே தன் வாயால் சொல்வார். ஒன்றரை வருஷம் இப்படி ஓடியது. அதற்குள் மகள் மங்கையர்க்கரசி பிறந்தாள்.

அலுவலகத்தில் கூட வேலை பார்த்த காத்தமுத்து ஒருநாள் குழந்தையைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். தெட்சிணாமூர்த்தி கடைக்குப் போயிருந்த கால் மணி நேரத்தில் கமலாம்பாள் அவரிடம் இயல்பாக நாவல்களைப் பற்றிப் பேசியிருக்கிறாள். மறுநாளிலிருந்து காத்தமுத்துவின் கேள்வி மாறிவிட்டது. புதுப் புத்தகம் எதுவானாலும், வீட்டில் அண்ணி என்ன சொல்கிறார்கள் என்றே கேட்டார். அலாவுதீன் காதுக்கும் அது போனது. எந்த நாவலை இரண்டு பிரதி வாங்கிப் போடலாம் என்று வீட்டில் அம்மாவைக் கேட்டுச் சொல்லுங்கள் என்று, தெட்சிணாமூர்த்தியிடமே பட்டியலைக் கொடுத்தனுப்பினார். அந்தத் தாளை அவர் இரண்டு நாள் சட்டைப்பையில் வைத்திருந்து, தன் அபிப்பிராயத்தைத் தன் கையால் எழுதித் திருப்பிக் கொடுத்தார். கமலாம்பாளிடம் காட்டவேயில்லை.

எழுபத்தெட்டு ஐப்பசியில் அவர் நனைந்து இருமிக்கொண்டே வந்ததைப் பார்த்து, கமலாம்பாள் ஒரு கோட்டு தைத்தாள். குழந்தைக்குப் படுக்கையில் விரிக்கிற ரப்பர் விரிப்பு வாங்கி, அளவெடுத்து வெட்டினாள். தையல் போட்ட இடமெல்லாம் மேலே ரப்பர்ப் பட்டை வைத்து, சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிற பசையால் ஒட்டினாள். தூண்டிலைத் தூக்கும்போது மணிக்கட்டு வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்குகிறது என்று அவர் எப்போதோ சொன்னதை நினைவில் வைத்து, கைகளின் ஓரத்தில் பழைய டியூபை வளையமாக வெட்டிச் சேர்த்தாள்.

வீட்டில் தைத்த கோட்டைப் பற்றி ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தவர், வேறு வழியில்லாமல் அதைப் போட்டுக்கொண்டு போனார். அலாவுதீனும் தூண்டிலோடு வந்திருந்தார். மூன்று மணி நேரம் மழை. அலாவுதீனின் சிங்கப்பூர்க் கோட்டுக்குள் சட்டை பிழிகிற மாதிரி நனைந்திருந்தது. தெட்சிணாமூர்த்தி உள்ளே காய்ந்த சட்டையோடு நின்றார். அலாவுதீன் அந்தக் கோட்டின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உங்கள் அபிப்பிராயம் இந்தத் தடவை தப்பு சார் என்று சிரித்தார். கடலோரக் கிராமத்து மீன்காரர்களே வாங்குவார்கள், அடுத்த வாரமும் பார்த்துவிட்டு அம்மாவிடம் பத்துக் கோட்டு தைக்கச் சொல்லிக் கேட்கிறேன் என்றார்.

மீன் விழுந்திருந்தது, உடம்பும் நனையவில்லை, ஆனாலும் தெட்சிணாமூர்த்திக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. நாவல் போய்விட்டது. இப்போது கோட்டும் போகிறது. இனி அந்தக் கடையில் அவரை எதற்குக் கேட்பார்கள்?

அடுத்த சனிக்கிழமை கமலாம்பாள் குழந்தையோடு கோயிலுக்குப் போயிருந்தபோது, அவர் சவர பிளேடை எடுத்தார். கோட்டை மடியில் வைத்து, இடது அக்குளில் ஒட்டியிருந்த பட்டையை நெம்பி, அடியிலிருந்த தையலை ஒரு விரல் நீளம் அறுத்தார். பட்டையை மறுபடி அழுத்திவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மழை அவர் நினைத்தபடி பெய்தது. நனைந்த சட்டையை அலாவுதீனிடம் தூக்கிக் காட்டினார். அலாவுதீன் வருத்தப்பட்டு, சரி, நீங்கள் சொன்னதுதான் சரி போலிருக்கிறது என்றார். அந்த ஒரு வார்த்தையோடு தெட்சிணாமூர்த்தி வீடு வந்து, ஒழுகுகிறது என்று சொல்லிக் கோட்டைக் கமலாம்பாளிடம் கொடுத்தார்.

அவள் அதை வாங்கிக் கொடியில் காயப்போட்டாள். புதன்கிழமை அவர் அலுவலகத்திலிருந்து வந்து சைக்கிளை நிறுத்தியதும், கோட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் விரித்தாள்.

"நீங்க எந்தக் கையாலங்க தூண்டில் வீசுறீங்க?"

"வலது கை."

"இழுபடுறது வலது கைதானே. இடது அக்குள்ல ஏன் தையல் விடணும்?"

எலி கடித்திருக்கும் என்றார்.

"இத்துப்போன நூலுன்னா நுனி பிரிஞ்சிருக்கும். எலின்னா ரப்பரையும் சேத்துக் கடிச்சிருக்கும். இது பட்டையத் தூக்கி, நூல மட்டும் அறுத்து, திரும்ப ஒட்டியிருக்கு. பிளேடு வலது கையில இருந்தா இடது பக்கந்தான் தோதா இருக்கும்."

தெட்சிணாமூர்த்தி கீழே பார்த்தபடி சொன்னார்.

"எல்லாரும் ஒன்னையே கேக்குறாங்க கமலா."

அவள் கோட்டை மடித்தாள். "அலாவுதீன் பாய் வீட்டுல கமருன்னிசா, ஏன் ஒழுகுச்சுன்னு கேட்டாங்க. நூல் சரியில்ல, நான்தான் மட்ட நூலப் போட்டுட்டேன்னு சொல்லிட்டேன். நீங்க அதையே சொல்லிக்குங்க. இனிமே நான் எதுவும் சொல்லல."

சொன்னபடியே இருந்தாள். சமையல், குழந்தை, பேச்சு, சிரிப்பு எல்லாம் வழக்கம்போல நடந்தன. நாவலையும் படித்தாள். ஆனால் யார் குற்றவாளி என்று அவர் கேட்டால், படித்தால் தெரிந்துவிடும் என்பதோடு நிறுத்திக்கொள்வாள். தெட்சிணாமூர்த்திக்கு அவருடைய அபிப்பிராயங்கள் முழுசாகத் திரும்பக் கிடைத்தன. அவை எவ்வளவு மெலிந்தவை என்பது அப்போதுதான் தெரிந்தது. அலுவலகத்தில் வரிசையாக நாலு நாவலுக்குத் தப்பாகச் சொன்னார். ஐந்தாவதுக்குக் காத்தமுத்து கேட்கவே இல்லை.

கோட்டு விஷயத்தையும் அவரால் தடுக்க முடியவில்லை. அலாவுதீனின் மனைவி கமருன்னிசா தானே வீட்டுக்கு வந்து, நல்ல நூலாகக் கொண்டுவந்து கொடுத்துத் தைக்கச் சொன்னாள். எண்பதிலிருந்து மழைக்காலம் தோறும் கமலாம்பாளின் கோட்டுகள் அந்தக் கடையில் தொங்கின. கமருன்னிசா வரும்போது நாவல்களையும் கொண்டுவருவாள். இரண்டு பேரும் பின்கட்டில் ரப்பர்த் துணிக்கு நடுவே உட்கார்ந்து, இவன்தான், இல்லை அவள்தான் என்று பேசுவார்கள். லீவு நாளில் முன்னறையில் செய்தித்தாளோடு இருக்கும் தெட்சிணாமூர்த்திக்குச் சிரிப்பு மட்டும் கேட்கும், வார்த்தைகள் கேட்காது. அவர் உள்ளே போனால் பேச்சு தையலுக்கு மாறிவிடும்.

மனைவியைப் பார்த்து ஒருகாலத்தில் பொறாமைப்பட்டவர், இப்போது அவளோடு பேசக் கிடைத்த கமருன்னிசாவைப் பார்த்துப் பொறாமைப்பட்டார். முதல் பொறாமைக்கு ஒரு பிளேடு போதுமானதாக இருந்தது. இதற்கு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒருமுறை, ஏன் அந்த அம்மா அடிக்கடி வருகிறார்கள் என்று கேட்டுவிட்டார். கமலாம்பாள் நிமிர்ந்து ஒருமுறை பார்த்துவிட்டுத் தையலைத் தொடர்ந்தாள். அவர் மறுபடி கேட்கவில்லை.

எண்பத்தேழில் மங்கையர்க்கரசி பள்ளிப் பூப்பந்து அணியில் சேர்ந்தாள். மட்டை வாங்க வேண்டும். மகள் நேரே அம்மாவிடம்தான் போய், எந்த மட்டை நல்லது என்று கேட்டாள். தெட்சிணாமூர்த்தி முகம் துடைத்த துண்டைத் தோளில் போட்டபடி கதவருகே நின்றுவிட்டார்.

"எனக்கு மட்டையப் பத்தி என்ன தெரியும்? அப்பாவக் கேளு. அதுல அவரை மிஞ்ச ஆள் இல்ல."

அன்று அலாவுதீன் கடையில் அவர் ஒரு மணி நேரம் நின்றார். பன்னிரண்டு மட்டைகளை இறக்கச் சொல்லி, ஒவ்வொன்றின் நரம்பையும் நகத்தால் சுண்டிக் கேட்டு, மகளின் கைக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். மகளுக்கு அது பிடித்துப்போனது. அவருக்குத்தான் ஒரு சந்தேகம் போகவில்லை. ரப்பரையும் நூலையும் அப்படிப் பார்க்கத் தெரிந்தவளுக்கு ஒரு மட்டையைப் பார்க்கவா தெரியாது? நிஜமாகவே தெரியவில்லையா, அவருக்கென்று விட்டுக்கொடுத்தாளா? கேட்டிருந்தால் இரண்டில் ஏதோ ஒரு பதில் வந்திருக்கும். எந்தப் பதிலும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

மறு வருஷம் அவரை மேற்குக் கரையில் இருக்கும் மாஹேக்கு மாற்றினார்கள். மகளின் படிப்புக்காகக் குடும்பம் தருமபுரத்திலேயே தங்கியது. ரயில் ஏறும்போது கமலாம்பாள் ஒரு புதுக் கோட்டைப் பையில் வைத்தாள். ஜூனில் அங்கே பெய்த மழையை அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை. அலுவலகத்தில் எல்லாரும் முழங்கால் வரை நனைந்து வந்தபோது, இவர் மட்டும் கோட்டைக் கழற்றிவிட்டுக் காய்ந்த வேட்டியோடு நாற்காலியில் உட்கார்ந்தார். எங்கே வாங்கியது என்று கேட்டார்கள். கம்பெனிக் கோட்டு என்று சொல்ல வாய் எடுத்தவர், என் வீட்டுக்காரி தைத்தது என்றார். கைவளையத்தைத் திருப்பி, டியூபை எப்படி வெட்டிச் சேர்த்திருக்கிறாள் என்றும் காட்டினார். அன்று மாலையே அதைக் கடிதத்தில் எழுதினார். பத்து வருஷத்துக்கு முன்னால் பிளேடை எடுத்ததற்கு மன்னிப்பும் கேட்டார். வாயால் கேட்காததை எழுதுவது சுலபமாக இருந்தது.

அங்கே தமிழ் நாவல் கிடைப்பது கஷ்டம். ஏதாவது அனுப்பு, படித்துவிட்டு உன் அபிப்பிராயத்தையும் எழுது என்று கடைசியில் சேர்த்திருந்தார்.

பதில் வர மூன்று வாரம் ஆனது. நாவலும் கடிதமும் ஒரே பொட்டலத்தில் இருந்தன. மன்னிப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மங்கையர்க்கரசியின் அணி ஜெயித்தது, சுரக்குடியில் நடவு முடிந்தது, வீட்டுச் சொந்தக்காரர் கூரையைச் சரிசெய்தார். பிறகு நாவலுக்கு வந்திருந்தாள். நாற்பத்திரண்டாம் பக்கத்தை நன்றாகப் படியுங்கள், அங்கேயே குற்றவாளி தெரிந்துவிடும் என்று எழுதியிருந்தாள். பத்து வருஷத்துக்குப் பிறகு அவள் அவருக்குச் சொன்ன முதல் அபிப்பிராயம் அது. அவர் அந்த வரியை நாலு தடவை படித்தார். அதற்கு அடுத்த வரியில், "இதை முதலில் கண்டுபிடித்தது நான் இல்லை, கமருன்னிசாதான். எனக்கு அறுபதாம் பக்கத்தில்தான் புரிந்தது" என்று இருந்தது.

தெட்சிணாமூர்த்தி கடிதத்தை மடித்து வைத்தார். ஜன்னலைச் சாத்திவிட்டு நாற்பத்திரண்டாம் பக்கத்தைத் திறந்தார். மூன்று முறை படித்தும் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கமருன்னிசாவுக்கு அதில் என்னதான் தெரிந்திருக்கும் என்று வயிறெரிய, முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார்.