ஸ்பேஸ் பாருக்குப் பொறுப்பு ராணி

கம்ப்யூட்டர் டீச்சர் வேலையில் பாதி நேரம் கம்ப்யூட்டரைத் துடைப்பதிலும் மீதி நேரம் கரண்டுக்குக் காத்திருப்பதிலும் போய்விடும். பாடம் நடத்துவதெல்லாம் நடுவில் கிடைக்கிற சந்தில்தான். தொண்ணூறுகளின் கடைசியில் கிராமத்துப் பக்கம் இந்த வேலை பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால் இந்நேரம் ஒரு பெருமூச்சு விட்டிருப்பீர்கள். விடுங்கள், நானும் நிறைய விட்டிருக்கிறேன்.

எனக்குச் செங்கல்பட்டு. ஆதரவில்லாத பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற ஹோம்களுக்கு ஒரு டிரஸ்ட் பழைய கம்ப்யூட்டர்களைக் கொடுத்தது. கூடவே என்னையும் கொடுத்தது. வாரத்தில் இரண்டு நாள் படாளம் பக்கம் ஒரு ஹோம். மற்ற நாட்களில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரத்துச் சவுக்குத் தோப்புக்குள் இன்னொரு ஹோம்.

அந்தக் கடலோர ஹோமில்தான் தேவகி இருந்தாள். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சை முடிந்ததும் ஹோமை விட்டுக் கிளம்பிவிட வேண்டும், அது அங்கே சட்டம். அவளுக்கு இருந்த ஒரே சொந்தம் மாமா. செங்கல் சூளையில் வேலை பார்க்கிற அவர், இவளுக்கும் அங்கேயே சொல்லி வைத்திருந்தார். மறைமலைநகரில் கார் உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனி, டைப்பிங் டெஸ்ட்டில் தேறினால் ஹோம் பெண் ஒருத்திக்கு ஆபீஸ் வேலையும் தங்க ஹாஸ்டலும் தருவதாக டிரஸ்டிடம் சொல்லியிருந்தது. சூளையா, ஆபீஸா என்பதுதான் தேவகியின் கேள்வி. அதற்குப் பதில் என் கையில் இருப்பதாக அந்தப் பெண் நம்பினாள், பாவம்.

மடியில் ஒரு மானிட்டர்

ரிப்பேர் செய்த மானிட்டரைச் செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில்தான் கொண்டுபோவேன். ஒருமுறை திருக்கழுக்குன்றம் தாண்டியதும் பஸ்ஸில் ஒரே கூட்டம். மானிட்டரை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் மீன் கூடையோடு ஓர் அம்மா. டி.வி. என்றே முடிவு கட்டி, கலரா கறுப்பு வெள்ளையா என்று வழி நெடுக விசாரித்துக்கொண்டே வந்தார்.

கண்டக்டர் வந்தார். இதற்கு லக்கேஜ் உண்டா என்று நானே கேட்டேன். அவர் மானிட்டரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். பஸ் குலுங்கியபோது நான் அதன் தலையைக் கையால் மூடியதையும் பார்த்தார். பிறகு விசிலை வாயில் வைக்கப் போனவர் நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"மடியில வெச்சிகினு வந்தா கொயந்த கணக்குதாம்மா. கொயந்தைக்கு நான் டிக்கெட் போட மாட்டேன். ஆனா சீட்டு மட்டும் கேக்கக் கூடாது."

அரிசிப் பீப்பாய்

கடல் காற்று படுகிற இடத்தில் கம்ப்யூட்டர் வைத்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உப்பு எல்லாவற்றையும் தின்றுவிடும். கடலோர ஹோமுக்கு டிரஸ்ட் கொடுத்த கம்ப்யூட்டர்களில் முதல் மழைக்காலம் முடிந்தபோது ஒன்றே ஒன்றுதான் உயிரோடு இருந்தது. செத்ததையெல்லாம் பிரித்து, அதன் உறுப்புகளை எடுத்து இதைக் காப்பாற்றுவதே என் பிழைப்பாகிவிட்டது.

ஒருநாள் போய்ப் பார்க்கிறேன், கீபோர்டைக் காணோம். மவுஸையும் காணோம். திருட்டுப் போய்விட்டதோ என்று ஜன்னல் கம்பிகளையெல்லாம் இழுத்துப் பார்த்தேன். வார்டன் எஸ்தரம்மா நிதானமாகச் சமையலறைக்குப் போனார். அரிசிப் பீப்பாய்க்குள் முழங்கை வரை கையை விட்டார். முதலில் மவுஸ் வாலோடு வந்தது. அப்புறம் கீபோர்டு. பின்னாலேயே செத்துப்போன கீபோர்டு ஒன்றும் வந்தது. அதை ஏன் பத்திரப்படுத்தினார் என்று நான் கேட்கவில்லை.

"உப்புக் காத்து டீச்சர். ரேடியோ போச்சு, செவுத்து கடியாரம் போச்சு. அரிசி ஈரத்த இழுத்துக்கும்னு உள்ள போட்டு வெச்சிகீறேன். நாளைக்கு சோத்துல எழுத்து வந்தா என்னைக் கேக்காதீங்க."

திரும்பப் பெறும் வசதி

இது படாளத்தில் நடந்தது. பெயிண்ட் புரோகிராமில் ஒரு சிறுமி கோலம் போட்டாள். ஒரு சுழி தப்பாகிவிட்டது. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். கடைசியாகச் செய்ததைத் திரும்ப எடுக்கிற வித்தையைச் சொல்லிக் கொடுத்தேன். சுழி மறைந்தது. அவள் கண் விரிந்தது. மறுபடி அழுத்தினாள், இன்னொரு சுழி போயிற்று. கோலம் முழுவதும் போய் வெறும் வெள்ளைத் திரை வருகிற வரை அழுத்திவிட்டு, என் காதருகே வந்து ரகசியமாகக் கேட்டாள்:

"டீச்சர், எங்க ஸ்கூல் கணக்கு மிஸ்ஸுக்கு இது தெரியுமா? நேத்து என் காதைத் திருகினாங்க."

ஒரு பெயரும் இரண்டு சொந்தக்காரிகளும்

மறுபடி கடலோரத்துக்கு வருவோம். உயிரோடு இருந்தது ஒரு கம்ப்யூட்டர். அதனால் மூன்று மூன்று பேராகத்தான் உட்கார வைப்பேன். தேவகி ஒரு பக்கம், பத்தாவது படிக்கிற மும்தாஜ் ஒரு பக்கம், நடுவில் நாலாம் வகுப்பு ராணி. அவர்களிடம் ஒரு பக்கம் ஆங்கிலத்தைக் கொடுத்துவிட்டு, செத்த கம்ப்யூட்டரின் வயிற்றைத் திறந்துகொண்டு நான் திரும்பி உட்கார்ந்துவிடுவேன். முதுகுக்குப் பின்னால் கீபோர்டு ஆலங்கட்டி மழை மாதிரி சடசடக்கும். என்ன வேகம்! தேவகிக்கு வேலை கிடைத்த மாதிரிதான் என்று டிரஸ்ட் சாரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டேன்.

சார் பார்க்க வந்தார். தேவகியைத் தனியாக உட்கார வைத்து, உன் பெயரை அடி என்றார். தேவகி காத்திருந்தாள். ரொம்ப நேரம் காத்திருந்துவிட்டு, கே, ஐ என்று இரண்டு எழுத்தை மட்டும் தட்டினாள். நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. ஹோமில் எதுவுமே பங்குதான். ஒரு சோப்பை நூலால் அறுத்துப் பங்கு போடுவார்கள். கீபோர்டையும் அப்படியே போட்டிருக்கிறார்கள். இடது பாதி மும்தாஜுக்கு, வலது பாதி தேவகிக்கு. நடுவில் இருக்கிற பி எழுத்துக்கு மட்டும் எல்லைத் தகராறு உண்டாம். அடியில் நீளமாகக் கிடக்கிற ஸ்பேஸ் பார், நடுவில் உட்காருகிற ராணிக்கு. அவள் கோபித்துக்கொண்ட நாட்களில் வார்த்தைகளெல்லாம் ஒட்டிக்கொண்டு வருமாம். அடுத்தவள் பங்கைத் தொடுவது அங்கே மரியாதை இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியாது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உன் பேரே இவ்வளவுதானாம்மா?" என்றார். தேவகி எழுந்து நின்று பதில் சொன்னாள்:

"இல்ல சார், மீதி மும்தாஜ்கிட்ட கீது. அவளுக்கு ஜொரம், படுத்துகினு கீறா."

மணலில் பாண்டி

டெஸ்ட்டுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். ஒரு நாற்காலி, ஓர் ஆள் என்று கம்பெனியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து ஹோம் பக்கத்து டிரான்ஸ்பார்மர் புகைந்து போயிற்று. எப்போது சரியாகும் என்று யாருக்கும் தெரியவில்லை. கரண்டு இல்லாத ஹோமுக்குக் கம்ப்யூட்டர் டீச்சர் எதற்கு? எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த முறை போனபோது தோப்பில் ஒரே கூச்சல். மணலை நனைத்துக் கெட்டியாக்கி, பாண்டி விளையாடுவதற்குப் போடுகிற மாதிரி கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருந்தார்கள். கட்டத்துக்கு ஓர் எழுத்து. மொத்த கீபோர்டும் மணலில் கிடந்தது. மும்தாஜ் ஆங்கிலப் புத்தகத்தை வைத்துக்கொண்டு வார்த்தை வார்த்தையாகச் சொல்ல, தேவகி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒற்றைக் காலில் எழுத்துக்கு எழுத்து குதித்துக்கொண்டிருந்தாள். குதித்துக் களைத்தால், எஸ்தரம்மாவின் பீப்பாயிலிருந்து வந்த செத்த கீபோர்டில் விரலால் அதையே செய்து பார்ப்பாள்.

மும்தாஜ் தன் பங்கை லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. யாருக்கும் உதவாத க்யூ, இசட் எழுத்துகளை முதலில் தாராளமாகக் கொடுத்தாள். ஏ, ஈ இரண்டையும் தரவே மாட்டேன் என்றாள். ஏன் என்று தனியாக அழைத்துக் கேட்டேன். எல்லாம் கொடுத்துவிட்டால் தேவகி போய்விடுவாளே என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை தேவகியின் மாமா வந்து, சூளையில் ஆள் கேட்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் மும்தாஜ் மூக்கை உறிஞ்சிக்கொண்டே மிச்சம் இருந்த எழுத்தையெல்லாம் கொடுத்துவிட்டாள்.

ராணிதான் மசியவில்லை. மணலில் ஸ்பேஸ் பாருக்குப் போட்ட நீளக் கட்டத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். நான் கெஞ்சினேன், எஸ்தரம்மா மிரட்டினார், ஒன்றும் நடக்கவில்லை.

"இது என்னுது. நான் தர மாட்டேன். அக்கா வோணும்னா சேத்து சேத்து எழுதட்டும்."

மறைமலைநகர்

டெஸ்ட் அன்று காலை தேவகியை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். ராணி கேட் வரைக்கும் பின்னாலேயே வந்தாள். பஸ் தூரத்தில் தெரிந்ததும், "எடுத்துக்கோக்கா. ஆனா திருப்பிக் குடுத்துடணும்" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே ஓடிவிட்டாள்.

கம்பெனியில் ஏ.சி. ரூம். கண்ணாடிக்கு வெளியே என்னை உட்கார வைத்தார்கள். உள்ளே தேவகியின் விரல்கள் ஓடத் தொடங்கின. மேஜைக்கு அடியில் பார்த்தேன். வலது கால் செருப்பைக் கழற்றிவிட்டு எழுத்துக்கு எழுத்து துள்ளிக்கொண்டிருந்தது. திடீரென்று நிறுத்திவிட்டாள். நடுவில் யாரோ உட்கார்ந்திருப்பது போல பக்கத்தில் பார்த்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. போச்சு, சூளைதான் என்று நினைத்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி தொடங்கினாள். அதற்கப்புறம் நிற்கவே இல்லை.

டெஸ்ட் வைத்த மேடம் தாளோடு வெளியே வந்தார். முதல் வரி முழுவதும் ஒரே வார்த்தையாக ஒட்டிக்கொண்டு கிடந்தது. இரண்டாம் வரியிலிருந்து ஒரு தப்பு இல்லை. வேலை உண்டு என்றார். ஆனால் முதல் வரிக்கு மட்டும் என்ன ஆயிற்று என்று கேட்டார். தேவகி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்:

"கேட்டு வாங்கினுதான் மேடம் வந்தேன். அவ குடுத்துட்டா. எனக்குதான் தொட மனசு வரல."

திருப்பிக் கொடுத்தது

பிளஸ் டூ முடிந்து, தேவகி வேலைக்குப் போய்க் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹோமுக்கு வந்தாள். நானும் அன்று இருந்தேன். டிரான்ஸ்பார்மர் சரியாகி, மறுபடி கெட்டு, மறுபடி சரியாகியிருந்த சமயம். லீவு நாளிலும் கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. மும்தாஜ் அதை வாங்கித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு தோப்பைச் சுற்றி வந்தாள். பிளஸ் டூ முடித்ததும் தானும் அதே கம்பெனிக்குத்தான் போகப் போவதாகச் சொன்னாள். வலது பாதிக்கு வேறு ஆள் பிடிக்காமல், இரண்டு பாதியையும் அவளே எடுத்துக்கொண்டாளாம்.

ராணி மட்டும் கிட்டே வரவில்லை. தூணைக் கட்டிக்கொண்டு, "கொண்டாந்தியா?" என்று அங்கிருந்தே கேட்டாள். தேவகி பையைத் திறந்தாள். ஆபீஸில் கழித்துப் போட்ட கீபோர்டு ஒன்றிலிருந்து, மேடத்திடம் கேட்டு, ஸ்பேஸ் பாரை மட்டும் கழற்றி எடுத்து வந்திருந்தாள். ராணி ஓடி வந்து அதை வாங்கினாள். பாவாடையில் துடைத்தாள். கட்டை விரலால் தட்டிப் பார்த்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். தேவகிக்குக் கண் நிறைந்துவிட்டது, எனக்கும்தான். ராணிக்கு அதெல்லாம் கிடையாது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"இன்னாக்கா இது, நடுவுல தேஞ்சி கீது? நான் குடுக்கறப்போ நல்லாதானே இருந்திச்சி?"

இத்தனை வருஷ உத்தியோகத்தில் நான் பாடம் நடத்தி யாராவது கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டார்களா என்று எனக்கு நிச்சயமில்லை. கரண்டு எப்போது வரும் என்று நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர்களே கற்றுக்கொண்டுவிட்டார்கள்.