ஈப்போவில் ஒரு செடி நிகழ்ச்சி எடுத்த கதை

தோட்டக்கலை நிகழ்ச்சி எடுப்பவர்கள், சொன்ன பேச்சைக் கேட்காத செடியையும் சொன்ன தேதியில் பணம் தராத விளம்பரதாரரையும் ஒரே வாரத்தில் சமாளிக்க வேண்டும். கேமராவைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கிய என் இனத்தாருக்கு இது புரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள்.

எந்தத் தோட்டம்?

நானும் ஒளிப்பதிவாளர் சேகரும் சேர்ந்து உள்ளூர்த் தமிழ் அலைவரிசை ஒன்றுக்காக இதைத் தொடங்கினோம். அலைவரிசை நேரம் மட்டும்தான் தரும். செலவுக்கு ஆளை நாங்களே பிடிக்க வேண்டும். "தோட்டத்தைப் பற்றி நிகழ்ச்சி" என்றதும் பாதிப் பேர், பால்மரம் சீவும் ரப்பர்த் தோட்டத்துச் சோகக் கதை என்று நினைத்துக் கும்பிடு போட்டார்கள்.

கடைசியில் அகப்பட்டவர் உரக்கடைச் சீனர் ஆ ஹெங். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் அவர் அப்பா மளிகைக்கடை வைத்திருந்தார். அதனால் ஆ ஹெங் என்னைவிட வேகமாகத் தமிழ் பேசுவார். முதல் சில வாரங்களின் செலவை ஏற்றுக்கொண்டார். கடைப் பெயரை எத்தனை தடவை காட்ட வேண்டும் என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"பேரு ஒரு தடவ போதும்லா. ஆனா செடி செத்தா அதையும் காட்டு. எல்லாமே நல்லா வளருதுன்னு சொன்னா எவன் நம்புவான்?"

தைப்பிங் மழை

நிகழ்ச்சியை நடத்த மிஸ்ஸி கிடைத்தது எங்கள் அதிர்ஷ்டம். பெயர் புவனேஸ்வரி, யாழ்ப்பாண வம்சாவளி. அரசாங்க மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் தைப்பிங்கில் எல்லாருக்கும் அவர் மிஸ்ஸிதான். வாடிய செடியிடம் அவர் பேசுவதைக் கேட்டால் நமக்கே உடம்பு தேறிவிடும்.

முதல் படப்பிடிப்பன்றே மழை பிடித்துக்கொண்டது. சேகர் கேமராவுக்குப் பிளாஸ்டிக் பை மாட்டினான். நான் விளக்குகளைக் காரில் ஏற்றத் தொடங்கிவிட்டேன். மிஸ்ஸியோ புடவையைத் தூக்கிச் செருகி, குடையை விரித்து, ஆர்க்கிட் தொட்டிகளுக்கு நடுவே போய் நின்றார். அடைமழையில் வேர் அழுகாமல் காப்பாற்றுவது எப்படி என்று அங்கேயே விளக்க ஆரம்பித்தார். "காய்ச்சல் வந்துடும் மிஸ்ஸி!" என்று கத்தினேன்.

"செடி மழைக்குள்ளதானே நிக்குது பிள்ளை, நான் நிண்டா என்ன?"

மாடு வந்த வீடு

லெட்சுமி அக்கா கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். அவர் பிறந்த தோட்டம் விற்கப்பட்டு, லயத்து வரிசை வீடுகளில் இருந்த குடும்பங்களெல்லாம் மலிவுவிலை அடுக்குமாடிக்கு வந்துவிட்டன. பிளாட்டைச் சுற்றி ஒரே சிமெண்ட். அக்கா பழைய பெயிண்ட் வாளிகளில் கத்தரி, வெண்டை, பாகல் என்று வேலியோரம் முழுக்கப் பச்சையாக்கி வைத்திருந்தார்.

நாங்கள் படம் எடுக்கப் போன காலையில் பார்த்தால் வாளிகள் கவிழ்ந்து கிடக்கின்றன. மாடு புகுந்து மேய்ந்துவிட்டது. அடுத்த வாரத்துக்கு எங்களிடம் வேறு எதுவும் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இதற்காக லீவு போட்டிருந்த அக்காவோ வாளிகளை நிமிர்த்தி மண்ணை அள்ளிப் போட்டார். மிஸ்ஸி பக்கத்தில் குந்தி, வேர் தப்பிய கத்தரியை எங்கே வெட்டிவிட்டால் மறுபடி துளிர்க்கும் என்று காட்டினார். சேகர் எல்லாவற்றையும் படம் பிடித்தான். நாங்கள் எடுத்ததிலேயே நல்ல பகுதி அதுதான். என் முகத்தைப் பார்த்து அக்கா சொன்னார்:

"மாடு பக்கத்து பிளாக்குக்குப் போகாம இங்கதானே வந்துச்சு? எது நல்ல தோட்டம்னு அதுக்கே தெரிஞ்சிருக்கு."

இளம் முகம்

ஆ ஹெங் ஒப்புக்கொண்ட வாரங்கள் முடிந்த சமயத்தில் கோலாலம்பூரிலிருந்து பெரிய நிறுவனம் ஒன்று முன்வந்தது. முழுச் செலவும் அவர்களுடையது. ஒரே நிபந்தனை: மிஸ்ஸிக்குப் பதிலாக ஓர் இளம் முகம். மறுத்தால் நிகழ்ச்சி நின்றுவிடும். தைப்பிங்குக்குப் போய்த் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "நிகழ்ச்சி நடந்தாச் சரி, நான் விலகுறன்" என்று சொல்லிவிட்டு மிஸ்ஸி எனக்குத் தேநீர் போடப் போய்விட்டார்.

திரும்பி வந்து சேகரிடம் சொன்னேன். இரண்டு பிள்ளைக்காரன், அவன் சரி என்றால் நானும் சரி என்றிருப்பேன்.

"வேணாங்க்கா. சனிக்கிழம கல்யாணம் எடுத்துப் பொழச்சிக்கிறேன், ஞாயித்துக்கிழம மிஸ்ஸிய எடுப்போம்."

ஜன்னல்

கோலாலம்பூர் நிறுவனத்துக்கு முடியாது என்று சொல்லிவிட்டோம். சேகர் மூலம் விஷயம் லெட்சுமி அக்காவுக்குப் போனது. பிளாட் பெண்கள் கூடி, திடலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்று விற்பனை வைத்தார்கள். கறிவேப்பிலைக் கன்று, மிளகாய் நாற்று, வடை, தேநீர். பாகான் டத்தோவிலிருந்து ஒருவர் கார் நிறையத் தென்னங்கன்று கொண்டுவந்து இனாமாகக் கொடுத்துவிட்டுப் போனார். மிஸ்ஸி வெயிலில் நின்று ஒவ்வொருவருக்கும் வளர்க்கும் விதம் சொன்னார். சாயங்காலத்துக்குள் மீதி வாரங்களின் செலவுக்கு வழி பிறந்துவிட்டது.

தஞ்சோங் மாலிம் கார்த் தொழிற்சாலையிலிருந்து சீருடையோடு வந்த இளைஞர் ஒருவர் பாகல் நாற்று வாங்கினார். எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன்.

"நாலு பேரு தங்குற ரூம் அக்கா, துணி காயப்போட ஒரே ஜன்னல்தான். அது போதும்னு மிஸ்ஸி சொல்லிட்டாங்க, துணிய வேற எங்கயாச்சும் போட்டுக்குவோம்லா."

நல்ல நிகழ்ச்சிக்குப் பணமும் அனுபவமும் வேண்டும் என்பார்கள். எங்களிடம் இரண்டுமே குறைவாக இருந்ததால் நல்ல மனிதர்களை வைத்து ஒருவாறு ஒப்பேற்றினோம்.