நான்கு கால் கோழி

ஊசியில் நூல் கோக்க என் அக்காவுக்கு இரண்டாவது முறை தேவைப்பட்டதே இல்லை. மூணாறிலிருந்து வரும் ஜீப் எதிர்மேட்டில் திரும்பும்போதே அதன் கண்ணாடியில் எழுதியிருக்கும் பெயரைப் படித்துவிடுவாள். அப்படிப்பட்டவள் காலடியில் இருக்கும் தண்ணீர்க் குடத்தை இடறிக் கவிழ்த்தால் அம்மாவுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

வட்டவடையில் எங்கள் வீடு சிறியது. அடுப்படிக்குள் நுழையும் இடத்திலேயே விதைப்பூண்டைக் கட்டுக் கட்டாகப் புகையில் தொங்கவிட்டிருப்போம். நாங்கள் எல்லோரும் யோசிக்காமலே வளைந்து நெளிந்து போய்விடுவோம். அக்கா மட்டும் நெற்றியில் கையை வைத்து, யாரோ அடிக்க வருவதைப் போலத் தோளைக் குறுக்கிக்கொண்டுதான் நுழைவாள். அப்படியும் தினம் ஒரு கட்டாவது காதில் இடிக்கும். வயலுக்குப் போனால் கேரட் பாத்தியை மிதிப்பாள். பக்கத்தில் நின்று சிரிக்கும் அத்தையைக் கண்டுகொள்ளாமல் கடந்து போவாள். பத்தாவது படிக்கிற பெண்ணுக்கு இவ்வளவு தலைக்கனமா என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

அவளுக்கு நடுவில் மட்டும்தான் பார்வை இருக்கிறது, ஓரமெல்லாம் போய்விட்டது, அது இனி திரும்பாது என்று மூணாறு கண் டாக்டர் சொல்லி அனுப்பினார். அப்பா தலையாட்டினார். அம்மா ஆட்டவில்லை.

"நூல் கோக்கக் கண்ணு தெரியுதாம், குடம் தெரியலயாம். காட்டு வேலைக்கு வராம இருக்க நல்ல நடிப்பு" என்றாள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவள் அம்மா. டாக்டர் சொன்னதற்கு அழாத அக்கா இதற்கு அழுதாள்.

அக்கா நன்றாக வரைவாள். பள்ளி ஆண்டு விழாவில் பிள்ளைகள் வரைந்த படங்களைச் சுவரில் மாட்டுவார்கள். அப்பா அம்மாக்கள் வந்து பார்ப்பார்கள். "வாயால சொன்னா அம்மா நம்ப மாட்டேங்குது. வரைஞ்சு காட்டப் போறேன்" என்று என்னிடம் சொன்னாள். பெரிய சார்ட் தாள் ஒன்றில் ஒரு வாரம் உட்கார்ந்து வரைந்தாள். நடுவில், சாத்துக்குடி அளவுக்கு, அம்மாவின் முகம். மூக்குத்திக் கல்லும் தாடையில் எண்ணெய் தெறித்த தழும்பும் அப்படியே இருந்தன. சுற்றிலும் மீதித் தாள் முழுக்க வெறும் வெள்ளை.

எனக்கு அப்போது எட்டு வயது. அக்கா என்றால் உயிர். அவளிடம் கலர் தீர்ந்துவிட்டது, பாவம், இப்படியே கொண்டுபோனால் பரிசு கிடைக்காதே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. விழாவுக்கு முதல் நாள் அவள் ஓடைக்குக் கேரட் கழுவப் போன நேரத்தில் என் கிரேயான் டப்பாவைத் திறந்தேன். மலை, சூரியன், ஜீப், அப்பா எல்லாம் வந்தன. மேல் மூலையில் இடம் கிடந்ததால் பூண்டுக் கட்டுகளை அங்கே தொங்கவிட்டேன். கீழே எங்கள் கோழி. பிறகு தாளைச் சுருட்டி நூல் கட்டி வைத்துவிட்டேன். செய்த உதவியைச் சொல்லிக் காட்டக் கூடாது என்பது என் கொள்கை. அக்கா அதைப் பிரிக்காமலே டீச்சரிடம் கொடுத்தாள்.

மறுநாள் அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தாள். அக்கா அவளை இழுத்துப் போய்ப் படத்தின் முன் நிறுத்தினாள். தானும் படத்தின் நடுவை ஒரு பார்வை பார்த்தாள். அவள் வரைந்த முகம் அப்படியேதான் இருந்தது. என்ன சொல்லப் போகிறாள் என்று அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அம்மா படத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ஏண்டி, கோழிக்கு எதுக்கு நாலு காலு?"

"எந்தக் கோழிம்மா?" என்றாள் அக்கா.

"ஆரம்பிச்சிட்டா. இந்தா, என் வெரலுக்குக் கீழ இருக்குல்ல."

அக்கா தாளுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். தொலைந்த கம்மலைத் தரையில் தேடுகிறவளைப் போலத் தலையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினாள். மேலே போய்ச் சூரியனில் திகைத்து நின்றாள். அங்கிருந்து ஜீப்புக்கு வந்தாள். கோழிக்கு ஒரு சாண் தூரம் வரை வந்துவிட்டு வேறு பக்கம் திரும்பிப் போனாள். அம்மாவின் விரல் வைத்த இடத்திலேயே இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. "இங்கக்கா" என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் தோளை அழுத்தினாள். அவள் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

கடைசியில் அவளே அக்காவின் கையைப் பிடித்துக் கோழியின் மேல் வைத்தாள்.

"இதெல்லாம் நான் வரையலம்மா" என்றாள் அக்கா. "உன் மொகத்தச் சுத்தி ஒண்ணும் போடாமத்தான் விட்டிருந்தேன். எனக்கு அவ்வளவுதாம்மா தெரியுது."

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். என் கோழி அவ்வளவு மோசமா என்று எனக்கும் அழுகை வந்தது.

அடுத்த நாள் காலையில் அம்மா முக்காலியில் ஏறினாள். பூண்டுக் கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, யாரும் நடக்காத மூலையில் கொண்டுபோய்க் கட்டினாள். அங்கே புகை சரியாக எட்டாது.

"வெதை கெட்டுப் போயிரும்" என்றார் அப்பா.

"கெட்டா கெடட்டும்" என்றாள் அம்மா.

நான் அண்ணாந்து பார்த்தேன். என் படத்தில் பூண்டு தொங்கிய அதே மேல் மூலை. ஓகோ, என் படத்தைப் பார்த்துத்தான் அம்மா வீட்டை மாற்றி வைக்கிறாள் என்று அழுகையெல்லாம் போய்விட்டது. வகுப்பில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லித் திரிந்தேன். அன்று அக்கா நெற்றியில் கை வைக்காமல், தோளைக் குறுக்காமல், நிமிர்ந்து அடுப்படிக்குள் போனதையும் பார்த்தேன். அதற்கும் என் படம்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன்.