எந்தப் படகுல நல்லாக் கேக்கும்?

நாடின் கஷேவரோஃபின் டிக்கெட் அறையும் என் மீன் ரொட்டிக் கடையும் ஒரே தகரக் கூரையின் கீழ் இருந்தன. நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். ஸீவார்டு துறைமுகத்துக்கு ரயிலில் வந்து இறங்கும் கூட்டம் முதலில் அவளிடம் போகும், பிறகு பசியோடு என்னிடம் வரும். அவள் பேசுவதெல்லாம் எனக்குக் கேட்கும். என் எண்ணெய்ப் புகையெல்லாம் அவள் கோட்டில் ஒட்டும். இப்படியே பல கோடைக்காலம் ஓடியிருந்தது.

மூன்று படகுகளுக்கு அவள் டிக்கெட் கொடுத்தாள். ஒன்று விரிகுடாவுக்குள்ளேயே சுற்றிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடும். கடல்நீர்நாய், கடற்சிங்கம், கடற்பறவைகள், யோகம் இருந்தால் திமிங்கிலம். இரண்டாவது, மாடி வைத்த பெரிய படகு. விரிகுடாவின் வாயில் இருக்கும் முனையைத் தாண்டி வெளிக்கடலில் போய், பனியாறு கடலில் வந்து முடியும் இடம் வரைக்கும் கூட்டிப் போகும். மெத்தை இருக்கை, சூடான சாப்பாடு, ஓயாத ஒலிபெருக்கி. மூன்றாவதும் அங்கேதான் போகும், ஆனால் அது டெஸ் என்ற பெண் ஓட்டும் சின்னப் படகு. ஆட்டம் அதிகம்.

எதில் போகலாம் என்று கேட்பவர்களிடம் நாடின் திருப்பிக் கேட்பாள்.

"கார்ல பின் சீட்ல உக்காந்து போன் பாப்பீங்களா?"

"ஐயோ, தலை சுத்தும்."

"அப்ப விரிகுடாவோட நிறுத்திக்குங்க."

"பனியாறு பாக்கணுமே?"

"பாக்கலாம். வாளிக்குள்ளேருந்து எப்பவாவது தலைய வெளிய எடுத்தா பாக்கலாம்."

திமிங்கிலம் கட்டாயம் வருமா என்று ஒருவர் விரலை நீட்டிக் கேட்டபோது, "அதுக்கு நாங்க சம்பளம் குடுக்கலீங்களே" என்றாள்.

படகுகளின் சொந்தக்காரன் கர்ட்டுக்கு இது பிடிக்காது. "நாடின், டிக்கெட் விக்கத்தான் உங்கள வெச்சிருக்கேன். வேணாம்னு சொல்றதுக்கு இல்ல" என்பான்.

"வாந்தியெடுத்தவங்க திரும்பி வந்து யாரத் திட்டுவாங்க? நீ வீட்ல இருப்ப. நான்தான இங்க உக்காந்திருப்பேன்?"

ஆனால் அந்தப் பனியாற்றை அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. சின்ன வயதில் அப்பாவின் மீன்படகில் ஏறியிருக்கிறாள். வெளிக்கடல் அலை ஏறி இறங்கியதும் குடலே வெளியே வந்துவிடும்போல ஆகிவிட்டது. மீன் ஏராளமாகச் சிக்குகிற நேரத்தில் வலையைச் சுருட்டிக்கொண்டு அப்பா கரைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. அண்ணன்கள் அந்தக் கதையை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அதற்குப் பிறகு துறைமுகத்துப் பலகைதான் அவளுக்கு எல்லை. "நீங்க பாத்திருக்கீங்களா?" என்று யாராவது கேட்டால், "இல்லீங்க, போனவங்க சொல்லிக் கேட்டதுதான்" என்று உள்ளதைச் சொல்லிவிடுவாள். கேட்டவர்கள் அதைத் தமாஷ் என்று நினைத்துக்கொண்டு பெரிய படகுக்கே டிக்கெட் வாங்குவார்கள்.

ஜூன் மாதத்தில் ஒருநாள், தூறலுக்கு நடுவில், நெப்ராஸ்கா பக்கத்திலிருந்து ஓர் அக்காவும் தம்பியும் வந்தார்கள். அக்கா டோவி, அறுபதைத் தாண்டியவள், கையில் வெள்ளைக் கோல். தம்பி லைல், பருத்த மனிதர், வாய் மூடவே மூடாது.

"டோவி, துறைமுகம் பாரு, அழகா இருக்கு. மலை அழகா இருக்கு. அங்க ஒரு பறவை, அதுவும் அழகா இருக்கு."

"காலையிலேருந்து எல்லாமே அழகா இருக்குடா. அசிங்கமா ஏதாவது கண்ல பட்டா சொல்லு, கேக்குறேன்" என்றாள் டோவி. பிறகு டிக்கெட் ஜன்னல் எங்கே என்று கோலால் தட்டிப் பார்த்து நின்றாள். "வணக்கம்மா. எந்தப் படகுல நல்லாக் கேக்கும்?"

நான் மீனைத் திருப்பிப் போடுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தேன்.

"கேக்குறதுன்னா?"

"பனியாறு உடைஞ்சு விழுமாமே. அது எப்படிக் கேக்கும்? திமிங்கிலம் மூச்சு விட்டா எப்படிக் கேக்கும்? எந்தப் படகுல போனா அது என் காதுல விழும்? எனக்கு அதான் வேணும்."

நாடின் பெரிய படகின் ஓட்டுநருக்குப் போன் போட்டாள். "இடி மாதிரி இருக்கும்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

"இடி எங்க ஊர்லயே விழுது. அதுக்கு இவ்வளவு தூரம் வரணுமா?" என்றாள் டோவி.

டெஸ் அப்போதுதான் என்னிடம் காப்பி வாங்க வந்திருந்தாள். அவளைக் கேட்டதும் தலையைச் சொறிந்தாள். "சத்தமா? நான் மைக்ல பேசிக்கிட்டே இருப்பேன், இன்ஜினும் ஓடிக்கிட்டே இருக்கும். நெசமாத் தெரியல நாடின்."

டோவி சிரித்தாள். "இத்தன வருஷமா விக்கிறீங்க, ஒருத்தருக்கும் அது எப்படிக் கேக்கும்னு தெரியல."

அதில் குத்தல் ஒன்றும் இல்லை. ஆனாலும் நான் எட்டிப் பார்த்தபோது நாடினின் கழுத்து சிவந்துபோயிருந்தது. "நாளைக்குக் காலைல டெஸ் படகுக்கு வாங்க" என்றாள். அவர்கள் போனபின் நடுவிலிருந்த பலகைச் சுவரைத் தட்டினாள். "உங்கிட்ட இஞ்சி இருக்கா?"

குமட்டலுக்குத்தான் இஞ்சி, அவளும் படகில் போகப் போகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் இரண்டு ஜன்னலையும் நானே பார்த்துக்கொண்டேன். வந்தவர்களையெல்லாம் பெரிய படகுக்கு அனுப்பினேன். கர்ட்டுக்கு அப்படியொரு சந்தோஷம்.

படகில் நடந்ததை நாடினும் டெஸ்ஸும் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். விரிகுடாவுக்குள் கடல் தட்டில் வைத்த பால்போல இருந்ததாம். பாசிக்கு நடுவில் ஒரு கடல்நீர்நாய்.

"டோவி, அழகா..." என்று லைல் ஆரம்பித்தார்.

"கல்யாணத்துல வயிறு முட்டத் தின்னுட்டு மல்லாந்துட்ட மாமா மாதிரி இருக்கு" என்றாள் நாடின். "வயித்து மேல கல்லு வெச்சு, அதுல சிப்பிய அடிச்சு உடைக்குது."

"டக் டக்னு கேக்குதே, அதா?"

"அதேதான்."

"லைல், இந்தம்மா பக்கத்துல உக்காரு. கத்துக்க."

முனையைத் தாண்டியதும் அலை பிடித்துக்கொண்டது. இஞ்சி ஒன்றும் செய்யவில்லை. நாடின் பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தவள், கரடிகூட அப்படி உறுமாது என்று டெஸ் சொல்கிற அளவுக்கு வாந்தி எடுத்தாள். டோவி தட்டித் தடவி வந்து அவள் கோட்டின் கழுத்துப்பட்டியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எடுங்க, எடுங்க. வெக்கப்படாதீங்க, நான் பாக்கல."

அந்த நிலையிலும் நாடினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதனால் இருமல் வேறு.

கடற்சிங்கங்கள் கிடக்கிற பாறையை அழுகிய மீன் வாடையே காட்டிக் கொடுத்தது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு படம் எடுத்துக்கொண்டிருந்தபோது மறுபக்கத்தில், மிக அருகே, லாரி டயரிலிருந்து காற்றைத் திறந்துவிட்டதுபோல ஒரு பெருமூச்சு. கழுத்துப்பட்டியை விடாமலே டோவி திரும்பினாள். குனிந்து கிடந்த நாடின்தான் அதை நேருக்கு நேர் பார்த்தாள். கறுத்து வளைந்த திமிங்கில முதுகு. ஈரமான ரப்பர்போல ஒரு பளபளப்பு. அது மூச்சு விட்ட தூவானம் இருவர் முகத்திலும் படிந்தது.

"த்தூ! பல்லே விளக்காது போல" என்றாள் டோவி. லைல் ஓடி வருவதற்குள் அது முங்கிவிட்டது.

பனியாற்றுக்கு முன்னால் படகு நின்றதும் டெஸ் வழக்கம்போல மைக்கை எடுத்தாள். வெளுத்துப்போன முகத்தோடு நாடின் ஓட்டுநர் அறைக் கதவில் வந்து சாய்ந்தாள்.

"டெஸ், இன்ஜின நிறுத்து. மைக்கையும் கீழ வை."

"விளக்கம் சொல்லாட்டி ஜனங்க..."

"கொஞ்ச நேரம். என்ன நடந்தாலும் கர்ட்கிட்ட நான் பேசிக்கிறேன்."

இன்ஜின் நின்றது. முதலில் பயணிகளே ஒருவரை ஒருவர் பார்த்து முணுமுணுத்தார்கள். பிறகு அதுவும் அடங்கியது. அப்போதுதான், படகைச் சுற்றி மிதந்த பனிக்கட்டிகள் எல்லாம் பொரிந்துகொண்டிருப்பது கேட்டது. சூடான எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோலச் சின்னச் சின்னதாக, நீரின் மேல் நெடுக, ஓயாமல். அத்தனை வருடம் அங்கே படகு ஓட்டிய டெஸ் வாயைப் பிளந்து நின்றாளாம்.

நீலச் சுவர்போல நின்ற பனியில் ஒரு துண்டு சாய்ந்தது. கண்ணுக்கு அது விழுந்து முடிந்த பிறகுதான் சத்தம் வந்தது. டோவி பனியாற்றுக்கு முதுகைக் காட்டி நின்றாள். லைல் பதறிப்போய் அவள் தோளைப் பிடித்துத் திருப்பப் பார்த்தார்.

"அந்தப் பக்கம் டோவி, அந்தப் பக்கம்!"

"தெரியும்டா. அங்கேருந்து வந்து, எதிர்ல இருக்குற பாறையில மோதி, திரும்பி வருது. ரெண்டாவதுதான் நல்லா இருக்கு. விடு."

நாடினும் திரும்பி நின்றாள். அடுத்த துண்டு விழுந்தபோது அதைப் பார்க்கவே இல்லை. சத்தம் முதுகைத் தொட்டுத் தாண்டிப் போய், செங்குத்துப் பாறையில் பட்டு, சற்று மெலிந்து, மார்புக்கு வந்து சேர்ந்தது. அதைச் சொல்லும்போது அவள் உள்ளங்கையை நெஞ்சுக்குழியில் வைத்துக் காட்டினாள். கேமரா வைத்திருந்த ஓர் ஆள் அதை மடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருந்ததையும் சொன்னாள். பிறகு அலை வந்து படகைத் தூக்கிப் போட்டது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வயிற்றில் எதுவும் மிச்சம் இல்லை.

"இடி மாதிரி இல்ல" என்றாள் டோவி கடைசியில். "எங்க வீட்டுக்கு எதிர்ல பழைய தானியக் கிடங்க இடிச்சாங்க. அது மாதிரி இருக்கு. ஆனா விழுறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு உள்ள இழுக்குற சத்தம் வருது பாருங்க, அது கிடங்குல இல்ல."

திரும்பும் வழியில் லைல் பேசவே இல்லை. உடம்பு சரியில்லையா என்று அக்கா கேட்டாள். "இல்ல, நல்லாத்தான் இருக்கு. நான் பேசிக்கிட்டிருந்தப்ப எவ்வளவு சத்தத்தக் கெடுத்துருக்கேன்னு யோசிக்கிறேன்" என்றார். டோவி அவர் முழங்கையில் கை கோத்துக்கொண்டாள்.

அன்று மாலையே ஒரு பயணி கர்ட்டிடம் புகார் கொடுத்தார். விளக்கம் உண்டு என்று சொல்லித்தானே கூட்டிப் போனீர்கள், பாதி நேரம் ஊமைப் படகாக இருந்ததே என்று. கர்ட் நாடினின் ஜன்னலுக்கு வந்து குதித்தான். அவள் வாதாடவில்லை. "நான்தான் நிறுத்தச் சொன்னேன். அடுத்த தடவ நீயும் வந்து கேளு" என்று மட்டும் சொன்னாள். அவன் படகில் போகவில்லை. ஆனால் அதே படகில் போனவர்கள் தங்கள் ஓட்டலில் சொல்லி, மறுநாள் வந்தவர்கள் "அந்தச் சத்தம் போடாத படகு எது?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஜூலை பிறந்ததும் டெஸ் படகில் மௌன நேரம் என்று கர்ட்டே பலகை எழுதி மாட்டினான். யாராவது பாராட்டினால் தன் யோசனை என்பான். நாடின் ஒருமுறைகூட மறுக்கவில்லை.

அதற்குப் பிறகு கோடையில் நான்கைந்து முறை அவள் வெளிக்கடலுக்குப் போனாள், பெரிய படகிலும்கூட. உடம்பு ஒத்துக்கொள்ளவே இல்லை. அவள் ஏறுவதைப் பார்த்தாலே படகுக்காரப் பையன்கள் தனியாக ஒரு வாளியைக் கொண்டுவந்து வைப்பார்கள். அண்ணன்களுக்குப் புதுக் கதை கிடைத்துவிட்டது.

செப்டம்பரில், கடைசிப் பயணிகளும் ரயிலேறிய பின், குளிர்காலத்துக்காகப் படகுகளைக் கரையில் ஏற்றிப் போர்த்துவதற்கு முந்தின நாள், டெஸ் வந்து, "உனக்கு மட்டும் ஒரு நடை போறேன் நாடின். எங்க வேணும்னாலும் சொல்லு. பனியாறா, அதத் தாண்டியா?" என்றாள்.

"விரிகுடாக்குள்ளயே போதும்."

"இவ்வளவு நாள் கழிச்சு அதுவா?"

"அங்கதான சாப்பிட்டது உள்ளயே நிக்கும்" என்றாள் நாடின்.

நான் மூன்று பேருக்கும் மீன் ரொட்டி கட்டிக்கொண்டேன். பாசி மிதக்கும் இடத்தில் டெஸ் இன்ஜினை நிறுத்தினாள். சாரல் நின்று, மலைகளில் புதுப்பனி பாதிவரை இறங்கியிருந்தது. நாங்கள் தின்றோம், பக்கத்தில் கடல்நீர்நாய்களும் தின்றன, யாருக்கும் அவசரம் இல்லை. நாடின் தன் பங்கையும் முடித்துவிட்டு என் பங்கில் பாதியையும் எடுத்துக்கொண்டாள்.