கம்பெனியா, வெளியா என்று கேட்கும் வேலை

முன்பக்கம் நொறுங்கி வருகிற காருக்கு ஒரே கேள்விதான்: கம்பெனி பார்ட் போடவா, வெளி பார்ட் போடவா? எங்கேயாவது போய் முட்டியவர்கள் எல்லோருக்கும் இது தெரிந்திருக்கும். காரைச் செய்தவர்களே தருவது கம்பெனி. அதே மாதிரி வேறு யாரோ செய்து குறைந்த விலைக்கு விற்பது வெளி. இதைக் கேட்டு எஸ்டிமேட் போடுவதற்குத்தான் குத்துக்கல்வலசையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் எனக்குச் சம்பளம். பி.காம். முடித்திருக்கிறேன். தெரியாதவர் முகத்தைப் பார்த்து ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல மட்டும் எந்தப் பரீட்சையிலும் கேட்கவில்லை.

கண்ணாடி அறைக்குள் நான் ஒருத்தி. வெளியே டிங்கர், பெயிண்டர், மெக்கானிக் என்று ஆறு ஆண்கள். சிரித்துப் பேசிக்கொண்டிருப்பவர்கள் நான் தண்ணீர் பிடிக்கப் போனால் பேச்சை நிறுத்திவிடுவார்கள். மரியாதைதான். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தால், பம்பரும் லைட்டும் கழற்றப்பட்ட கார்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசையாக என்னைப் பார்த்து நிற்கும்.

மஞ்சளும் வெள்ளையும்

பேசாமலே வேலையை முடிக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். மஞ்சள் சீட்டில் கம்பெனி விலை, வெள்ளைச் சீட்டில் வெளி விலை. உடைந்த ஒவ்வொரு பாகத்தின் மேலும் இரண்டையும் பெயிண்டர் டேப்பால் ஒட்டிவிடுவேன். வண்டிக்காரர் வேண்டாததைக் கிழித்துவிட்டுப் போனால் போதும்.

மாட்டில் மோதிய காரைக் கொண்டுவந்தார் ஒரு ரிட்டயர்ட் தலைமை ஆசிரியர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோயில் கல்வெட்டைப் படிப்பவர்போல, பானெட்டிலிருந்து கிரில் வரை ஒட்டியிருந்த எல்லாவற்றையும் படித்தார். எழுத்துப் பிழை தேடுகிறார் என்று நினைத்தேன். கடைசியில் கண்ணாடி வழியாக என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, டிங்கரிடம் தணிந்த குரலில் கேட்டார். தணிந்த குரல் என்று அவர்தான் நினைத்துக்கொண்டார்.

"பிள்ளைக்குப் பேச்சு வராதோ? பாவம், எழுத்து முத்து முத்தா இருக்கு."

மாடி

அது முதலாளி காதுக்குப் போனது. அவரை நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்போம். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அழுதாவது முடித்திருக்கலாம். குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்த நேரம். அருவியைப் பார்த்துக்கொண்டே ஓட்டி முன்னால் போகிற வண்டியில் முட்டுகிறவர்களால் எங்களுக்கும் அதுதான் சீசன். இந்தச் சீசன் வரைக்கும் பார்ப்பதாகச் சொன்னார். பிறகும் பேசவில்லை என்றால் மாடி குடோனில் பார்ட்ஸ் அடுக்குகிற வேலை.

முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. மறுநாள் அண்ணாச்சி என் டேபிளில் வைத்துவிட்டுப் போன குடோன் சாவியை எடுத்துக்கொண்டு, லைட்டுகளை அடுக்க மாடிக்குப் போனேன். ஜன்னல் கிடையாது. கொக்கியில் பம்பர்கள் தொங்கின. என் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. மூன்று மணி நேரம் கழித்துக் கீழே இறங்கியபோது, நான் போனதையும் யாரும் பார்த்திருக்கவில்லை, வந்ததையும் பார்க்கவில்லை. அங்கே போகவே கூடாது என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். ஆனால் அண்ணாச்சி அதை ஒரு சலுகையாகத்தான் சொல்லியிருந்தார்.

"அங்கன ஒருத்தரும் வந்து ஒன்னைத் தொந்தரவு பண்ண மாட்டாங்கம்மா."

ஹெட்லைட்டுக்குள் அருவி

சுற்றுலா வண்டி ஓட்டுகிற ஒரு டிரைவர் இரண்டு ஹெட்லைட்டுக்கும் வெளி பார்ட்டே போடச் சொன்னார். அந்த வகை லைட்டில் ஓரத்து ரப்பர் சரியாக உட்காராது, மழைக்குத் தாங்காது என்று எனக்குத் தெரியும். சொல்ல எழுந்தேன். அவருக்குப் பின்னால் நான்கு பேர் நின்றார்கள். உட்கார்ந்துவிட்டேன். மனசு கேட்காமல் எஸ்டிமேட்டின் பின்பக்கம் பென்சிலால் எழுதி வைத்தேன். எஸ்டிமேட்டைத் திருப்பிப் பார்க்கிற மனிதர் இந்த ஜில்லாவில் இன்னும் பிறக்கவில்லை.

பத்து நாளில் வந்துவிட்டார். லைட்டுக்குள் பாதிவரை தண்ணீர். சண்டை போடுவார் என்று நான் டேபிளைப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னைக் கூட்டிப்போய் வண்டி முன்னால் நிறுத்திக் காட்டினார்.

"பாருங்க மேடம், ஐந்தருவில கூட இவ்வளவு தண்ணி இல்ல. டிக்கெட் போடவா?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பில் என்னையும் சேர்த்துக்கொண்டது அன்றுதான். ஆனால் மலைப்பாதையில் சவாரி ஏற்றிக்கொண்டு அவர் அந்த லைட்டோடு போயிருப்பார் என்ற நினைப்பு வீடுவரை கூட வந்தது.

சாப்பிட்டாச்சா?

கம்பெனி பார்ட்ஸ் டிப்போவில் போன் எடுக்கிற பெண்ணிடம்தான் நான் தினமும் அதிகம் பேசுவேன். பார்ட் நம்பர் சொல்வேன், அவள் திருப்பிச் சொல்வாள். எட்டு மாதப் பழக்கம். பெயர் தெரியாது. அவளுக்குச் சளி பிடித்தால் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவேன். பேசிப் பழக வேண்டுமே, இவளிடமிருந்து தொடங்கலாம் என்று ஒருநாள் நம்பர் எல்லாம் முடிந்த பிறகு, சாப்பிட்டாச்சா என்று கேட்டேன். அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. ஏதோ தவறாகக் கேட்டுவிட்ட மாதிரி எனக்குக் காது சூடானது.

"அது என்ன பார்ட், மேடம்? எந்த மாடலுக்கு?"

உள்ளே இருக்கிற சட்டம்

சாரல் ஓய்ந்து கூட்டம் குறைந்த வாரம். தென்காசியில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவரும் அவர் மனைவியும் வந்தார்கள். புளியறை செக்போஸ்ட்டில் நின்ற லாரியின் பின்னால் முட்டியிருந்தார்கள். அடுத்த வாரம் புனலூர் போய் மகளைப் பிரசவத்துக்குக் கூட்டி வர வேண்டும், அதற்குள் வண்டி வேண்டும் என்று அந்தம்மா இரண்டு முறை சொன்னார். எனக்குக் கொடுத்த கெடு முடிகிற நேரம், அண்ணாச்சி அன்று என் அறை வாசலிலேயே நின்றார்.

கடைக்காரர் பம்பர், கிரில், லைட் எல்லாவற்றிலும் வெள்ளைச் சீட்டைக் கிழித்தார். வெளியே தெரிவதெல்லாம் கம்பெனி. பம்பருக்குப் பின்னால் ஒரு இரும்புச் சட்டம் இருக்கும். முட்டினால் அடியை வாங்கிக்கொள்வது அதுதான். அதில் மட்டும் மஞ்சளைக் கிழித்தார். உள்ளே கிடப்பதை யார் பார்க்கப் போகிறார் என்றார். நம்மில் பலர் செய்கிற கணக்குதான்.

எனக்கு அந்த ஹெட்லைட் தண்ணீர் நினைவுக்கு வந்தது. எழுந்து வெளியே வந்துவிட்டேன். உள்ளங்கை, நெற்றி எல்லாம் வேர்த்தது.

"மாத்திப் போடுங்க அண்ணாச்சி," என்றேன் கடைக்காரரிடம். "பம்பர் வெறும் பிளாஸ்டிக், அது வெளில வாங்குனாப் போதும். சட்டம் கம்பெனிதான் போடணும். பிரசவத்துக்கு அக்கா அதுலதான வரப் போறாங்க."

எங்கள் அண்ணாச்சி முகம் சுருங்கியது. கம்பெனி பம்பரில்தான் அவருக்கு லாபம். கடைக்காரர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சந்தேகப்பட்டார். அந்தம்மா அவர் கையிலிருந்த சீட்டுகளை வாங்கிக்கொண்டு சொன்னார்:

"அந்தப் பிள்ளை சொல்லுதபடியே போடுங்க. ஏமாத்த நினைக்கவ இப்படி வேர்த்துக்கிட்டா சொல்லுவா?"

அவர்கள் போனபிறகு அண்ணாச்சி உள்ளே வந்தார். குடோன் சாவியை என் டேபிளிலிருந்து எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"பேசச் சொன்னேன், சரி. எனக்கும் சேத்துக் கொஞ்சம் பேசும்மா."

ஆக, ஒரு சீசன் முழுக்கப் பாடுபட்டு நான் கீழேயே இருக்கும் உரிமையைச் சம்பாதித்துவிட்டேன். மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது என் எதிரில் இருந்து 'சாப்பிட்டாச்சா' என்று கேட்க, முன்பக்கம் கழன்ற அந்தக் கார்களுக்குத்தான் இன்னும் வாய் மாட்டவில்லை.