முந்நூறாவது காலடியில் நெப்டியூன்

ஏழாம் ஆண்டு படிக்கையில் ஒரு பகல் முழுக்க நான் நெப்டியூனாக இருந்தேன்.

பாடசாலையில் விஞ்ஞானக் கண்காட்சி. எங்கள் விஞ்ஞான சேர் கணக்கில் கறாரானவர். படம் கீறி ஒட்டினால் தூரம் விளங்காது என்று சொல்லி, வாசலில் சூரியனை நட்டுவிட்டு அங்கிருந்து காலடியால் அளந்தார். பூமிக்குப் பத்து. செவ்வாய்க்குப் பதினைந்து. வியாழனுக்கு ஐம்பத்திரண்டு. அப்படியே மைதானத்தைத் தாண்டி, பாதையைத் தாண்டி, முந்நூறாவது காலடியில் கடற்கரை மணலில் போய் நின்று ஒரு கம்பை ஊன்றினார். பிறகு என்னைப் பார்த்தார்.

செவ்வாய் என் ராத்தா, உடன்பிறந்த அக்கா. அவளுக்கு வேப்பமர நிழல், மேசை, கதிரை. எனக்கு நீலம் பூசிய ஒரு பந்தும் கம்பி உடைந்த குடையும்.

“ஒன்ட ஊருக்கு பஸ் ஓடுதாடா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

நெப்டியூனைப் பற்றி இரண்டு பக்கப் பேச்சை ஒரு கிழமையாகப் பாடமாக்கியிருந்தேன். அதைக் கண்காட்சி பார்க்க வரும் கல்விப் பணிப்பாளருக்கு முன்னால் ராத்தா பார்க்க ஒப்புவித்துவிட வேண்டும். அன்றைக்கு எனக்கு உலகத்தில் வேறு ஆசை கிடையாது. ஆனால் ஒருவரும் வரவில்லை. சனம் முழுக்கச் செவ்வாயில் மொய்த்தது. உம்மா வியாழன்வரை வந்தார். வெயிலுக்கு முந்தானையை இழுத்துக்கொண்டு, தூரத்திலிருந்தே கையைக் காட்டிவிட்டுத் திரும்பிப் போனார்.

உண்மையான நெப்டியூனுக்கும் இதே கதிதான். ஒரேயொரு விண்கலம், அதுவும் பன்னிரண்டு வருடம் பறந்து வந்து, நிற்காமல் பார்த்துக்கொண்டே கடந்து போனது. செவ்வாய்க்கு ஏழெட்டு மாதத்தில் போய்ச் சேரலாம். இறங்கத் தரை உண்டு. ஒரு காலத்தில் தண்ணீர் ஓடிய தடமும் உண்டு என்பதால், போனால் ஏதாவது அகப்படும் என்ற நம்பிக்கை. வெள்ளி அதைவிடக் கிட்ட. ஆனால் இறங்கிய இயந்திரமெல்லாம் ஓரிரு மணித்தியாலத்தில் வெந்துபோகும். எங்கள் வெள்ளியும் சிற்றுண்டிச்சாலை அடுப்புக்குப் பக்கத்தில்தான் வியர்த்துக்கொண்டு நின்றான்.

பத்து மணிபோல, எனக்குச் சற்றுத் தள்ளிச் சில பேர் கரைவலைக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். முன்னால் மாமா. உம்மாவின் தம்பி, அந்த வலைக்குச் சம்மாட்டி, அதாவது முதலாளியும் அவரே, ஏசுகிறவரும் அவரே. எனக்குப் புதினமாக இருந்தது. அந்த இடத்தில் கடலுக்கடியில் முழுக்கக் கல்லு. ஒருவரும் வலை வளைப்பதில்லை. மாமா தனியாக நின்ற என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, பிறகு என்னைத் தெரியாதவர் மாதிரிக் கடலைப் பார்த்துக்கொண்டு, ஊருக்கே கேட்கக் குரல் கொடுத்தார்.

“இழுங்கடா! வாரவங்க வாங்க!”

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கயிற்றில் கைவைத்தவர் யாராக இருந்தாலும் கறிக்கு மீன் கிடைக்கும். அவ்வளவுதான், சூரிய குடும்பம் கலைந்தது. சனி தன் வளையத்தைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடிவந்தான். உம்மா வந்தார். பார்க்க ஆளில்லாத செவ்வாயும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். கடைசியில் பணிப்பாளரே காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு வந்து, கயிற்றை நாலு இழுவை இழுத்துவிட்டு, மூச்சுவாங்க என் முன்னால் நின்றார்.

“சரி மகன், இது என்ன கிரகம்? ஏன் இங்க ஒருத்தரும் போறதில்ல?”

நான் காத்திருந்த கேள்வி. வாயைத் திறந்தேன். இரண்டு பக்கமும் காற்றோடு போய்விட்டன. கையிலிருந்த நெப்டியூன் நழுவி, உருண்டு, அலையில் ஏறி, இந்தியாவை நோக்கிப் புறப்பட்டது. அதன் பின்னாலேயே நீந்திப் போய் அங்கேயே குடியேறிவிடலாமா என்றுகூட யோசித்தேன். ராத்தா பார்க்கிறாள். உம்மா பார்க்கிறார். என் கண்ணில் பட்டது வலை மட்டும்தான்.

“சேர்… அங்க மீன் இல்ல சேர்.”

கயிறு பிடித்தவர்களெல்லாம் கயிற்றை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். ராத்தா மணலில் குந்திவிட்டாள். பணிப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அப்ப அந்த ஒரு விண்கலம் மட்டும் என்னத்துக்கு மகன் போனிச்சி?”

“மீன் ஈக்கா இல்லயா எண்டு பாக்க சேர்.”

அவர் என் முதுகில் தட்டினார். காலையிலிருந்து கேட்டதில் இதுதான் விளங்கிய பதில் என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். ராத்தாவின் முகத்தை நான் பார்க்க வேண்டிய அளவுக்குப் பார்த்துக்கொண்டேன்.

வலை கரையேறியபோது உள்ளே பாசியும், தொட்டால் அரிக்கும் சொறிமீனும், தின்ன உதவாத இரண்டு பேத்தை மீனும். நடுவில் ஆள் நுழையும் அளவுக்குக் கிழிசல். ஒருவருக்கும் கறிக்குக் கிடைக்கவில்லை.

“சம்மாட்டிக்கு இண்டைக்கு என்ன புடிச்சிச்சி?” என்று ஓர் ஆள் முணுமுணுத்தார்.

“நீரோட்டம்டா,” என்றார் மாமா.

பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வந்து அவர் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். இரண்டு நாள் வேலை. கல்விப் பணிப்பாளரையே சமாளித்தவன் என்ற தோரணையில் நான் பக்கத்தில் போய் இடுப்பில் கைவைத்து நின்றேன்.

“மாமா, அந்த இடத்துல கல்லு ஈக்கிண்டு எனக்கே தெரியும். ஒங்களுக்குத் தெரியாதா?”

பல்லில் கடித்திருந்த நூலை எடுத்துவிட்டு அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“தெரியாமப் போச்சி மருமகன்.”

“இனி வளைக்கிற நேரம் என்னையும் ஒருக்கா கேளுங்க.”

“ஓம் மருமகன்,” என்றார், மிகவும் மரியாதையாக.

பாவம், அவருக்கும் வயசாகிறது என்று நினைத்து, நான் பெரிய மனதோடு அவரை மன்னித்துவிட்டேன்.